மண்டபத்துக் கடைக் கணினிக்கு மின்ட்டா, டெபியனா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, இந்தப் பழைய லேப்டாப்புல லினக்ஸ் போட்டா ஓடுமா?" விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்தான் லினக்ஸ்; மின்ட், டெபியன் இரண்டும் அதன் வகைகள். ஓடும் அண்ணே. போடுவதற்கு அரை மணி நேரம் போதும். அப்புறம்தான் வேலையே இருக்கிறது. வைஃபை பிடிக்க வேண்டும், பிரிண்டரிலிருந்து தாள் வெளியே வர வேண்டும். இந்த இரண்டும் நடக்காத கணினி கடைக்கு உதவாது. அதனால் லினக்ஸ் மின்ட் 22-ஐயும் டெபியனையும் திரை அழகை வைத்து இங்கே எடைபோடவில்லை. வன்பொருளை எது சிரமமில்லாமல் இயங்க வைக்கிறது என்பதுதான் கணக்கு.

முதலில் வைஃபை. டெபியன் இதில் நிறைய மாறிவிட்டது. முன்பு அதன் நிறுவியில் (கணினியில் ஏற்றுகிற நிரலில்) கட்டற்ற மென்பொருள், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிற மென்பொருள் மட்டும்தான் இருக்கும். வைஃபை சிப்பில் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரை (சிப்புக்குள்ளேயே ஓடும் சிறு மென்பொருளை) நாமே தேடி இன்னொரு பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவியோடு சேர்ந்தே வருகிறது. இன்டெல் வைஃபை உள்ள பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் இப்போது இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

பிராட்காம் சிப் என்றால் மின்ட்தான் முந்துகிறது. பழைய மலிவு மடிக்கணினிகளில் அடிக்கடி கண்ணில் படுகிற பிசிஎம்43142-க்கு 'டபிள்யூஎல்' என்ற மூடிய டிரைவர் (சிப்பைக் கணினியோடு பேச வைக்கும், மூலநிரல் வெளியிடப்படாத மென்பொருள்) வேண்டும். அது ஃபர்ம்வேர் கணக்கில் சேராததால் டெபியன் நிறுவியில் இருக்காது. நிறுவிய பிறகு களஞ்சியப் பட்டியலை (மென்பொருள் இறங்கும் இடங்களின் பட்டியலை) திறந்து, மூடிய மென்பொருள் இருக்கும் 'நான்-ஃப்ரீ' பகுதியைச் சேர்த்து, டிரைவரை உருவாக்கத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகளையும் இறக்கி, அப்புறம்தான் டிரைவரைப் போட முடியும். இத்தனைக்கும் நெட் வேண்டும். வைஃபையோ இன்னும் வரவில்லை. மின்ட்டில், நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவைத் திரும்பச் செருகிவிட்டு 'டிரைவர் மேனேஜர்' திறந்தால், நெட் இல்லாமலே அதிலிருந்து டிரைவரை எடுத்துக்கொள்ளலாம். டெபியன்தான் வேண்டும் என்பவர்கள் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிடுங்கள்; போனின் நெட் கணினிக்கு வந்துவிடும். அதற்குத் தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. பாம்பனில் பாதி வேலையை நான் முடித்தது இப்படித்தான்.

செக்யூர் பூட் (அனுமதி பெறாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு) இயங்குகிற கணினியில் இன்னொரு படி உண்டு. இந்த மாதிரி டிரைவரைப் போட்டு மறுதொடக்கம் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தி, முன்பு கொடுத்த கடவுச்சொல்லை இட்டு, டிரைவருக்கு அனுமதி தரும் சாவியைப் பதிய வேண்டும். டீ குடிக்கப் போய்விட்டால் திரை தானாகக் கடந்துவிடும், டிரைவரும் ஏறாது. இந்தத் திரை மின்ட்டுக்கும் டெபியனுக்கும் பொது; டெபியனில் மட்டும், மறுதொடக்கத்துக்கு முன் 'மோக்யுடில்' (mokutil) கட்டளையால் சாவியையும் கடவுச்சொல்லையும் நாமே கொடுக்க வேண்டும்.

நம் கரைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: உப்புக்காற்று. தங்கச்சிமடத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில், வைஃபை டாங்கிள் வேலை செய்யவில்லை என்று இரண்டு மணி நேரம் டிரைவரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் யுஎஸ்பி துளைக்குள் தகடுகள் பச்சை பூத்திருந்தன. அன்றிலிருந்து முதல் வேலையாக டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) 'எல்எஸ்யுஎஸ்பி' (lsusb) என்று அடித்துவிடுகிறேன். செருகிய பொருளின் எண் பட்டியலில் வந்தால் டிரைவரைத் தேடலாம். எண்ணே வரவில்லை என்றால் டிரைவரைத் தேடிப் பயனில்லை. துளையையும் கேபிளையும் பாருங்கள். உள்ளே இருக்கிற வைஃபை கார்டுக்கு இதே போல 'எல்எஸ்பிசிஐ' (lspci) என்று அடிக்க வேண்டும்.

அடுத்து பிரிண்டர். கடைக்காரருக்குச் சோறு போடுவது அதுதான், அதனால் இதில் அவசரப்படக் கூடாது. ஹெச்பி லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் அது தன் ஃபர்ம்வேரை மறந்துவிடும்; ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் 'ஹெச்பிஎல்ஐபி' என்ற மென்பொருள் தொகுப்பும் அதற்கான பிளகினும் (கூடுதலாகப் போடும் துணை நிரலும்) இதைச் செய்கின்றன. பிளகின் பதிப்பும் தொகுப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். தொகுப்பு மட்டும் புதுப்பிக்கப்பட்டால் பிளகினையும் திரும்பப் போட வேண்டியிருக்கும். இந்த இடத்தில் எனக்கு டெபியன் பிடிக்கிறது. ஒரு வெளியீட்டின் காலம் முழுக்க அது தொகுப்புகளின் பதிப்பை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும். ஒருமுறை சரியாக அமைத்தது கலையாது.

கேனான் எல்பிபி2900 இன்னும் கொஞ்சம் கடினம். அது பேசுவது கேனானின் சொந்தமான 'கேப்ட்' மொழி. நிறுவனம் தந்த லினக்ஸ் டிரைவர் பழையது. 64-பிட் கணினியிலும் 32-பிட் நூலகங்களைக் கேட்கும், பின்னணியில் தனிச் சேவை ஒன்றும் ஓட வேண்டும். ஆர்வலர்கள் எழுதிய 'கேப்ட்டிரைவர்' என்ற திறந்த மூல மாற்றும் இருக்கிறது, ஆனால் மூலநிரலை இயங்கும் நிரலாக நாமே மாற்ற (கம்பைல் செய்ய) வேண்டும். மின்ட்டிலும் டெபியனிலும் பாடு ஒன்றுதான். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வேன்: ஏர்பிரிண்ட் ஆதரவு உள்ள பிரிண்டராகப் பாருங்கள். இரண்டிலும் டிரைவர் தேடாமலே அச்சடிக்கும்.

2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினிகளில் சில இன்னும் வீடுகளில் இருக்கின்றன. 2 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி என்ற, ரேம் குறைவாகக் கேட்கும் திரையமைப்போடு டெபியன் போடுங்கள். மின்ட்டுக்கு 4 ஜிபி இருந்தால்தான் சௌகரியம். 32-பிட் செயலியாக இருந்தால் மின்ட் 22 ஏறாது. டெபியன் 13-லும் 32-பிட் நிறுவி இல்லை, ஆகவே 12-தான்.

என் தேர்வு இது: பிராட்காம் வைஃபை, பக்கத்தில் உதவிக்கு ஆளில்லாத கடை என்றால் மின்ட். ரேம் குறைவு, அல்லது ஹெச்பி 1020-ஐ நம்பி நாள் முழுக்க ஓடுகிற கடை என்றால் டெபியன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கிற அந்த 61 நாளில் கடையில் கூட்டம் குறைவு. மாற்றுவதை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, கடைக்காரரையே ஒரு பக்கம் அச்சடிக்கச் சொல்லுங்கள். தாள் வந்த பிறகு கிளம்பலாம்.