காக்கர் ஸ்பானியலா, ஸ்பிரிங்கர் ஸ்பானியலா?

இங்கிலீஷ் காக்கர், இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் ஆகிய இரண்டு ஸ்பானியல் வேட்டைநாய் இனங்களையும் நெடுநாள் எடைபோட்டுப் பார்த்து, ஸ்பிரிங்கரைத் தேர்ந்தெடுத்து வளர்த்து வருகிறேன்; ஆகவே இந்த அலசல் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

இரண்டும் தனித்தனி இனங்களானது அண்மைக் காலத்தில்தான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே 25 பவுண்டுக்கு, அதாவது சுமார் 11 கிலோவுக்கு, உட்பட்டவற்றைக் காக்கர் என்றும் மேற்பட்டவற்றை ஸ்பிரிங்கர் என்றும் பிரித்தார்கள். நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் 1890களின் தொடக்கத்தில் காக்கரையும் 1902இல் ஸ்பிரிங்கரையும் தனி இனமாக ஏற்றது. புதரில் பதுங்கிய பறவையைக் கிளப்பிவிட்டு, அது சுடப்பட்டு விழுந்ததும் கவ்விக்கொண்டு வருவதே இரண்டுக்கும் தொழில். இன்று காக்கரின் உயரம் ஏறத்தாழ 40 செ.மீ., ஸ்பிரிங்கருடையது 50 செ.மீ.

குணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே ஆளை ஒட்டிக்கொள்ளும். நெடுநேரம் தனிமையில் விட்டால் வாடும். ஓட்டத் தேவையில் காக்கரே எளியது. வளர்ந்த ஸ்பிரிங்கருக்கு நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓட்டமும் முகர்ந்து தேடும் வேலையும் வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர் அதை வாங்கவே கூடாது.

என் முடிவைத் தீர்மானித்தது காதும் முடியும்தான். ஸ்பானியலின் காதுத் துளை கீழிறங்கி உள்நோக்கி வளைந்து செல்வது. அதன்மேல் கனத்த மடல் தொங்குவதால் காற்றோட்டம் குறைந்து, ஈரமும் மெழுகும் தேங்கி, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. கண்காட்சி வழிக் காக்கரில், அதாவது வேட்டைக்கன்றி நாய்க் கண்காட்சிக்கென வளர்க்கப்பட்ட வகையில், மடல் இன்னும் தாழ்ந்தும் நீண்டும் பட்டுபோன்ற முடி அடர்ந்தும் இருப்பதால், தண்ணீர் குடிக்கும்போதே நுனி நனைந்துவிடுகிறது. ஸ்பிரிங்கரின் காதுக்கும் இத்தொல்லை உண்டு, ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தவரை குறைவு. வாரம் ஒருமுறை மடலைப் புரட்டிப் பார்க்கிறேன்: உட்புறம் வெளிர் இளஞ்சிவப்பாக இருந்தால் நலம், பழுப்பு மெழுகும் புளித்த வாடையும் தென்பட்டால் மருத்துவரிடம் போகவேண்டும். நீந்தி வந்ததும் காதைத் துடைத்து உலர்த்துவதும், மடலின் உட்பக்க முடியைக் கத்தரித்துக் காற்றுக்கு வழிவிடுவதும் தவறக்கூடாதவை. பஞ்சு சுற்றிய குச்சி அழுக்கை மேலும் உள்ளே தள்ளிவிடும் என்பதால் அதைத் தொடுவதில்லை. முடியைப் பொறுத்தவரை, ஸ்பிரிங்கருக்கு வாரம் இரண்டு மூன்று முறை சீவினால் போதுகிறது. கண்காட்சி வழிக் காக்கருக்கு அன்றாடம் சீவாவிட்டால் அக்குளிலும் காதின் பின்னாலும் சிக்கு விழும். புல்விதைகள் மட்டும் இரண்டையும் விடுவதில்லை. கூர்முனையுள்ள அவை விரலிடுக்கில் குத்தி உள்ளேறிச் சீழ்வைக்கும். வயல்வெளிக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் பாதங்களை விரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வேட்டை வழிக் காக்கரின் முடி குறைவு, மடலும் சிறியது. அதை நான் அருகிருந்து வளர்த்ததில்லை என்பதால், மேற்சொன்ன குறைகளை அதன்மேல் ஏற்றவில்லை.

எதைத் தேர்ந்தாலும் பெற்றோரின் மரபணுச் சோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். காக்கரில் பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரை நோயும் இளம் வயதிலேயே தாக்கும் பரம்பரைச் சிறுநீரக நோயும், ஸ்பிரிங்கரில் கடும் ஓட்டத்துக்குப் பின் தசையைத் தளர்த்தும், சர்க்கரையை ஆற்றலாக்க உதவும் பி.எஃப்.கே. என்ற நொதியின் குறைபாடும் சோதனையில் தெரிந்துவிடும். கூடவே, தாய் நாயின் காது மடலையும் ஒருமுறை உயர்த்திப் பாருங்கள்.