கொச்சி யூதர் கிராமத்தில் ஒரு சபாத்: அறைக்கு மூன்று, மற்றதுக்கெல்லாம் ஐந்து

அறையை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் இஸ்ரேலில் நாங்கள் தங்கிய இந்த இடம் ஐந்துக்கு மூன்றைத் தாண்டாது. மெத்தை பரவாயில்லை, குளியலறை சின்னது, ஜன்னலைத் திறந்தால் காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துக் கோழிப்பண்ணை வாடை வரும். ஓர் இரவுக்கு 700 ஷெக்கலுக்கு மேல் வாங்குகிறார்கள். ஆனால் இங்கே அறைக்காக யாரும் போவதில்லை. வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி இரவு வரை, அதாவது சபாத் என்ற யூதர்களின் வாராந்தர ஓய்வுநாள் முழுக்க, ஆசாரம் தவறாத ஒரு சின்ன யூதக் கிராமத்தோடு சேர்ந்து சாப்பிட்டு, நடந்து, தூங்கி எழுந்து பார்ப்பதற்குத்தான் அந்தக் காசு. அந்தக் கணக்கில் பார்த்தால் சல்லிசு.

ரெஹோவோத்தில் ஆராய்ச்சி வேலையில் இருக்கும் நம்மாட்கள் நிறையப் பேர் "வார இறுதியில் எங்கே போவது, பஸ்ஸும் இல்லை ரயிலும் இல்லை" என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜெருசலேம் போகும் வழியில் பெத் ஷெமெஷைச் சுற்றியுள்ள குன்றுகளில் மோஷாவ் எனப்படும் கூட்டுறவு விவசாயக் கிராமங்கள் இருக்கின்றன. கிபுட்ஸ் மாதிரி எல்லாம் பொது என்பது கிடையாது, வீடும் சாகுபடியும் அவரவருக்கு. மெசிலாத் சியோன், தாஓஸ், அவியேஸெர் என்று, கேரளத்திலிருந்து வந்த கொச்சி யூதர்கள் குடியேறிய ஊர்கள் சில அந்தப் பக்கம் உண்டு. தெற்கே நெகேவில் நெவாதிம், வடக்கே லெபனான் எல்லையில் க்ஃபார் யுவால். நாங்கள் தங்கியது எந்த ஊர் என்று சொல்லவில்லை. வயதான தம்பதி வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி நடத்துகிறார்கள், நான் குறையும் எழுதப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். இந்த மாதிரி விருந்தினர் அறைகளை இங்கே ட்ஸிம்மர் என்பார்கள், தேடினால் கிடைக்கும்.

வீட்டுக்கார அம்மா கேரளத்திலிருந்து சிறுமியாக வந்தவர், எண்பது தாண்டிவிட்டது. நான் தமிழில் பேச அவர் மலையாளத்தில் பதில் சொல்ல, வாய்க்கு வாய் "மோனே" என்று கூப்பிட, பாதி நேரம் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. ஹாலில் ஒரு செப்பேட்டின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவைக் கொடுத்த சாசனம் அது. வட்டெழுத்து என்பதால் எனக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. அம்மா மட்டும் அந்த உரிமைகளைப் பகல் விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, வடுகப்பறை, காகளம் (ஊதுகொம்பு) என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னார். இதன் நகலைத்தான் 2017-இல் மோடி இங்கே வந்தபோது நெதன்யாகுவுக்குக் கொடுத்தார்.

ராஜ மரியாதையோடு இருந்தவர்கள் இங்கே வந்து இறங்கிய கதை அவ்வளவு ராஜாங்கமாக இல்லை. யானைக்கால் நோய் பரவிவிடுமோ என்று இஸ்ரேல் சுகாதாரத் துறை பயந்து இவர்களைக் காக்க வைத்தது. சொத்தையெல்லாம் விற்றுவிட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. 1953-55 வாக்கில்தான் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தார்கள். "கப்பலிலிருந்து நேராகக் கிராமத்துக்கு" என்று அப்போது ஒரு கொள்கை, வந்தவர்களை லாரியில் ஏற்றி எங்கேயாவது ஒரு குன்றில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் கடை வைத்திருந்தவர் கல் பொறுக்கி, கோழி வளர்க்கக் கற்றுக்கொண்டார். இந்தக் கதையை அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார், அவர் வீட்டுக்காரர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, சேவை எப்படி? சபாத் அன்று நெருப்பு மூட்டக்கூடாது, மின்சார சுவிட்சைத் தொடக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. எல்லாமே வெள்ளி மதியத்துக்குள் தயாராகிவிடும். சூடான சாப்பாடெல்லாம் பிளாட்டா என்ற தட்டையான மின்சாரப் பலகையில் மறுநாள் வரை உட்கார்ந்திருக்கும், டீக்கு ஒரு பெரிய வெந்நீர்ப் பாத்திரம், விளக்குக்கும் ஏசிக்கும் டைமர். குளியலறையில் டாய்லெட் பேப்பர்ச் சுருளுக்குப் பக்கத்திலேயே ஏற்கெனவே கிழித்து அடுக்கிய தாள் பெட்டி ஒன்று, கிழிப்பதும் வேலைதானாம். விருந்தினர் யூதராக இல்லாவிட்டால் அறைக்குள் என்ன செய்தாலும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஏசியை நள்ளிரவு ஒரு மணிக்கு அணையும்படி டைமர் வைத்துவிட்டு அதை எங்களிடம் சொல்லவே இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் இது சின்னக் குறை இல்லை. நாங்களே போட்டுக்கொண்டோம் என்று காலையில் சொன்னபோது அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "இந்தப் பக்கத்து வீட்டில்கூட ஃபிரிட்ஜ் விளக்கைக் கழற்ற மறந்துட்டாங்களாம், கதவைத் திறக்க முடியாம தவிக்கறாங்க" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். திறந்தால் விளக்கு எரிந்துவிடும், அது சுவிட்சைத் தொட்ட கணக்கு. யூதரல்லாத எங்களிடம்கூட நேராகக் கேட்கக்கூடாது, இப்படிக் கோடி காட்டத்தான் வேண்டும். என் மனைவி அங்கே போய் ஃபிரிட்ஜைத் திறந்து, தனக்கு ஒரு டம்ளர் ஜூஸ் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டுக்கு வருவோம். கறியும் பாலும் சேரக்கூடாது என்பது யூதச் சட்டம். தேங்காய்ப்பால் பால் கணக்கில் வராது என்பதால் கேரளச் சமையல் இந்தச் சட்டத்துக்குள் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் நுழைந்துவிடுகிறது. வெள்ளி இரவு தேங்காய்ப்பாலில் மீன், அப்புறம் தட்டை மாற்றிக் கோழிக் குழம்பு (மீனையும் கறியையும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள்), பாஸ்தல் என்று உள்ளே கோழியும் முட்டையும் வைத்துப் பொரித்த ஒன்று, தோட்டத்துக் கறிவேப்பிலை தாராளமாக. பாஸ்தலை நான் எத்தனை தின்றேன் என்று சொல்லமாட்டேன். அப்பம் வெள்ளி இரவு பஞ்சு மாதிரி இருந்தது. சனி மதியம் அதே அப்பத்தைப் பிளாட்டாவில் சூடாக்கிக் கொடுத்தார்கள், செருப்புத் தோல். புதிதாகச் சுடக்கூடாது என்பது புரிகிறது, அதற்குப் பேசாமல் ரொட்டியே வைக்கலாம்.

மேஜையில் எங்களைத் தவிரப் பிரான்சிலிருந்து வந்து சில மாதமே ஆன ஒரு குடும்பம். தாத்தா பாட்டி காலத்தில் துனிசியா, அப்பா அம்மா காலத்தில் பிரான்ஸ், இப்போது இங்கே. புதிதாக வந்தவர்களை ஓலிம் என்கிறார்கள். முதல் சில வாரம் வெள்ளி இரவு அவர்கள் வீட்டில் அடுப்பே எரியாதாம், ஊர்க்காரர்கள் முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார்கள். வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பு, குடியேற்ற அலுவலகம் என்று எல்லாவற்றுக்கும் ஹீப்ரு தெரிந்த ஒருவர் கூடப் போவார். அரசு ஆரம்ப மாதங்களுக்கு உதவித்தொகையும், மொழி படிக்க உல்பான் வகுப்பும் கொடுக்கிறது என்றாலும், உல்பானில் படித்த ஹீப்ருவை வைத்துக்கொண்டு தொலைபேசியில் ஒரு குமாஸ்தாவோடு சண்டை போட முடியாது என்று அந்தக் கணவர் சொன்னார். அவருடைய ஏழு வயதுப் பையன் அதற்குள் ஹீப்ருவில் பொய் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான்.

இந்த வரவேற்பு வெறும் நல்ல மனசு மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. முழுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். குளிர்காலத்தில் விடியற்காலை ஒன்பது பேர் சேர்ந்து பத்தாவது ஆளுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும் ஊரில், புதுக் குடும்பம் வந்தால் அது தேவை. பாலர் பள்ளிக்குப் பிள்ளைகள் வேண்டும். தேவை இருக்கிற இடத்தில்தான் உபசாரம் நிலைக்கிறது, இதில் கேவலம் ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவாமல் அடுக்கும்போது (கழுவுவது இரவுதான்) அந்த மனைவி என் மனைவியிடம் வேறு ஒன்றும் சொன்னாராம்: இவ்வளவு அன்பு கிடைக்கும் இடத்தில் மூச்சு விட இடம் கிடைப்பதில்லை, என்ன பாவாடை போடுகிறேன், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறான், எல்லாம் ஊருக்குத் தெரியும். கிராமத்தில் வளர்ந்த நமக்கு இது புதிதில்லை.

காலை ஜெப ஆலயத்துக்கு நானும் போனேன். வாசலில் பெட்டியில் தலைக்குல்லா இருக்கும், எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கட்டடம் சாதாரணம். ஊரில் இப்போது கொச்சிக்காரர்கள் மட்டும் இல்லை என்பதால் ராகமும் கலந்துகட்டியாகத்தான் இருக்கிறது, பழைய கொச்சி மெட்டுக்குப் பண்டிகை நாளில் வரவேண்டும் என்றார்கள். அழகான ஜெப ஆலயம் பார்க்க வேண்டுமென்றால் ஜெருசலேமில் இஸ்ரேல் மியூசியம் போங்கள், மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புறத்தையே கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு ஆலயத்தைவிட மதியத் தூக்கத்துக்குப் பிறகு நடந்ததுதான் பிடித்தது. அம்மா கையால் எழுதிய பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்து மலையாளப் பாட்டுப் பாடினார். இவர்கள் சமூகத்தில் பெண்கள் பாடுவதற்கென்றே தனியாகப் பாட்டு உண்டு, கல்யாணத்துக்கு, பண்டிகைக்கு, பைபிள் கதைக்கு. பதிவு செய்ய முடியாது, சபாத் அன்று போனை எடுத்தாலே முகம் மாறும். கேட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வீட்டில் சமைத்த பலகாரம் எடுத்துப் போகாதீர்கள், அவர்கள் சாப்பிட முடியாமல் சங்கடப்படுவார்கள்; கோஷர் (யூத உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது) முத்திரை உள்ள, பிரிக்காத பாக்கெட் அல்லது பூ போதும், அதையும் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். மேஜையில் ஒயின் பாட்டிலை நீங்களாக எடுத்து ஊற்றவேண்டாம், யூதரல்லாதவர் கை பட்டால் சிலர் குடிக்க மாட்டார்கள். காரில் போனால் வெள்ளி மதியமே போய்விடுங்கள், அப்புறம் ஊர் வாசலில் மஞ்சள் கேட்டை மூடிவிடுகிறார்கள். சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்து, ஒயினும் வாசனைப் பொருளும் பின்னிய மெழுகுவர்த்தியும் வைத்துச் சபாத்தை முடிக்கும் ஹவ்தாலா சடங்கு முடிந்த பிறகுதான் பணம் வாங்குவார்கள், கோடையில் அது எட்டு மணிக்கு மேல் ஆகும். கார்டு கிடையாது, ரொக்கம் கொண்டு போங்கள். ஏசி டைமரை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.