ஜெனரேட்டரையும் யூபிஎஸ்ஸையும் சேர்த்து ஓட்டிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் கிளினிக், லேப், ஜெராக்ஸ் கடை என்று சிறிய அளவில் தொழில் நடத்துபவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். யூபிஎஸ், ஜெனரேட்டர் இரண்டையும் ஒரே 'பேக்கேஜ்' என்று விற்ற ஒரு கடை எங்களை ஏமாற்றிவிட்டது.

லிங்கராஜபுரத்தில் நானும் என் கணவரும் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறோம். கோடையில் பெஸ்காம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ரத்தத்தைச் சோதிக்கும் அனலைசர் மெஷின் பாதியில் நின்றால் அந்த ரீஏஜென்ட் ரசாயனம் வீண். வெறும் வயிற்றோடு வந்த பெரியவர்களுக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டும். அதனால்தான் இவ்வளவு செலவு செய்தோம்.

கடைக்காரர் தமிழர். "கவலையே படாதீங்க அக்கா, யூபிஎஸ் மூணு கேவிஏ, ஜெனரேட்டர் மூணு கேவிஏ, கச்சிதமா இருக்கும்" என்றார். கேவிஏ என்பது எவ்வளவு சுமை தாங்கும் என்ற அளவு. யூபிஎஸ் 'ஆன்லைன்' வகை என்றும் சொன்னார். பில்லில் 'யூபிஎஸ் 3 கேவிஏ' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

கரண்ட் போனது, ஜெனரேட்டரைப் போட்டோம். லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. யூபிஎஸ் மட்டும் பேட்டரியிலேயே ஓடியது. உள்ளே ரிலே ஸ்விட்ச் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பேட்டரி இறங்கி, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அனலைசர் அணைந்தது.

வந்த டெக்னீஷியன் எதையும் அளந்து பார்க்கவில்லை. "பேட்டரி போச்சு மேடம்" என்று புதிது போட்டு, பணம் வாங்கி, பழையதையும் தூக்கிக்கொண்டு போனார். அதே கதை தொடர்ந்தது. அடுத்து போர்டு கோளாறு என்றார்கள், அதற்கும் பணம். பிறகு ஜெனரேட்டரில் வோல்டேஜ் குறைவு என்று சொல்லி கவர்னர் ஸ்க்ரூவை முறுக்கி இன்ஜின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனார்கள். மீட்டரில் 230 வோல்ட் காட்டியது, ஆனால் யூபிஎஸ் முன்னைவிட அதிகமாக அடம் பிடித்தது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்களிடம் சர்க்கரை டெஸ்டுக்கு வரும் ஐயா. கேஜிஎஃப் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹெர்ட்ஸ், அதாவது ஏசி கரண்ட் நொடிக்கு எத்தனை சுற்று அடிக்கிறது என்பதைக் காட்டும் மல்டிமீட்டரோடு வந்தார். ஜெனரேட்டரில் அது இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும். சுமை இல்லாதபோது 54, எல்லாவற்றையும் போட்டதும் 46. "நம்ம கரண்ட் 50மா. இவ்வளவு ஆடினா யூபிஎஸ் அதைக் கெட்ட கரண்ட்னு தள்ளிடும்" என்றார். யூபிஎஸ் ஜெனரேட்டருக்கு மாறும்போது அனலைசரின் சுமையும் பேட்டரி சார்ஜிங்கும் ஒரே நேரத்தில் இன்ஜின் மேல் விழுகின்றன. இன்ஜின் திணறி வேகம் குறைகிறது. யூபிஎஸ் பேட்டரிக்கே திரும்புகிறது. சுமை விலகியதும் இன்ஜின் மறுபடி விறுவிறுவென்று ஓடுகிறது, யூபிஎஸ் மறுபடி ஏற்கிறது. நாங்கள் கேட்ட டக் டக் இதுதான். மாடல் எண்ணைப் பார்த்தால் அது ஆன்லைன் வகையே இல்லை, வரும் கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றாமல் அப்படியே விடும், விலை குறைந்த லைன் இன்டராக்டிவ். உண்மையான ஆன்லைன் யூபிஎஸ் உள்ளே வரும் கரண்டை முதலில் டிசியாக மாற்றி, பிறகு புதிதாக ஏசி தயாரித்துக் கொடுக்கும். அதனால் ஹெர்ட்ஸ் ஆட்டத்தை அது எவ்வளவோ தாங்கும்.

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மெயின், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடாமல், இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரை சுவர் சாக்கெட்டில் செருகி ஜெனரேட்டரை இணைத்திருந்தார்கள். மெயினை அணைக்க யாராவது மறந்தால் அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிர் போய்விடும். உங்கள் இடத்தில் அப்படி ஒரு வயர் இருந்தால் இன்றே பிடுங்கி எறியுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "ஓடுற மெஷினைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று கடைக்காரர் ஃபோனை வைத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஜெனரேட்டர் யூபிஎஸ்ஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் கேவிஏ பல நேரம் உச்ச அளவுதான், தொடர்ந்து ஓடும் அளவைக் கேளுங்கள். ஆன்லைனா, லைன் இன்டராக்டிவா என்று மாடல் எண்ணோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் மெஷின்கள் எல்லாவற்றையும் போட்டு, மெயினை அணைத்து, பேட்டரி சார்ஜ் ஏறுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.