இரவுப் பணிக்குப் பிறகு எந்தத் தியானச் செயலி?

இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்த பின்னும் காதுக்குள் மானிட்டர் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடினால், "மூன்றாம் படுக்கைக்கு ஊசி போட்டோமா?" என்று மனம் வார்டுக்கே ஓடுகிறது. இதற்குத் தியானச் செயலி உதவுமா என்று செவிலியர்கள் கேட்கிறார்கள். உதவும், ஓர் எல்லை வரை.

முன்னாள் பௌத்தத் துறவி ஆண்டி புடிகோம், ரிச் பியர்சனுடன் 2010இல் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ், ஒன்றும் தெரியாதவரையும் படிப்படியாகக் கைபிடித்து அழைத்துப்போகும். ஆனால் சந்தா கட்ட வேண்டும். கொரோனா வந்த 2020இல் அமெரிக்க மருத்துவப் பணியாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அது நெருக்கடிக் காலச் சலுகை.

இன்சைட் டைமரில் பெரும்பகுதி இலவசம். குறையும் அங்கேதான்: குவிந்து கிடக்கும் ஒலிப்பதிவுகளில் எதைக் கேட்பது? பன்னிரண்டு மணி நேரம் முடிவெடுத்தே களைத்தவருக்கு இது இன்னொரு வேலை. அதிலுள்ள மணியோசையை மட்டும் பயன்படுத்துங்கள்; தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று, போதும்.

என் தேர்வு ஹெல்தி மைண்ட்ஸ் புரோகிராம். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் ரிச்சர்ட் டேவிட்சன் நிறுவிய லாப நோக்கற்ற அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது. உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை. நடந்துகொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ செய்யலாம். உட்கார நேரமே கிடைக்காதவர்களுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. (கையில் சானிடைசர் தேய்க்கும் 20, 30 விநாடிகள் மூச்சைக் கவனிக்கச் செயலியே தேவையில்லை.)

இவை எல்லாவற்றுக்கும் உண்மையான போட்டி, வார்டில் கூடுதலாக நிற்கும் ஒரு செவிலியர்தான். பணிச்சோர்வு என்பது சமாளிக்கப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினாலே பணிச்சோர்வுக்கான வாய்ப்பு விகிதம் 23 சதவீதம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் பொது வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கூடாது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டுக்கு மேல் கூடாது என்பது சட்டம். எந்தச் செயலியாலும் இதைச் செய்ய முடியாது.

நிர்வாகம் செயலியைக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாத அட்டவணையில் இரவுக்கு எத்தனை பேர் என்பதையும் அப்போதே கேளுங்கள்.