ராத் கணக்கா, மரபு ஐஆர்ஏவா? மெடிகேர் பிரீமியத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

நானும் என் மனைவியும் 2020இல், 62 வயதில், அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றபோது எங்கள் சேமிப்பின் பெரும்பகுதி வரி கட்டப்படாத பணமாக, எடுக்கும்போது வரி கட்ட வேண்டிய மரபு ஐஆர்ஏ என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளில் இருந்தது. அதை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ராத் கணக்குக்கு (வரி கட்டிய பணத்தைப் போட்டு, பிற்காலத்தில் வரியின்றி எடுக்கும் ஐஆர்ஏ) மாற்றி அவ்வப்போதே வரியைக் கட்டிவிடுவதா, அல்லது கட்டாயமாகப் பணம் எடுக்க வேண்டிய காலம் (இப்போதைய விதிப்படி எங்களுக்கு 73 வயது) வரும்வரை தொடாமல் விடுவதா என்பதே எங்கள் முன் இருந்த கேள்வி. (1960இலோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு அந்த வயது 75.) நாங்கள் முதல் வழியைத் தேர்ந்தோம்.

வரி விகிதக் கணக்கு எளியது: இன்றைய விகிதம் பிற்கால விகிதத்தைவிடக் குறைவென்றால் இப்போதே மாற்றுவது நல்லது. சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு ஓய்வூதியத் தொகைக்கான வரியும் எங்கள் முடிவை மாற்றவில்லை. அத்தொகையில் பாதியையும் பிற வருமானத்தையும் கூட்டி 44,000 டாலரைத் தாண்டும் தம்பதியருக்கு அதில் 85 விழுக்காடு வரை வரிக்கு உட்படலாம். 1993இல் வகுத்த அந்த எல்லை விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படாததால், ஓரளவு சேமித்தவர்கள் எந்த வழியில் போனாலும் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

முடிவைத் தீர்மானித்தது, 65 வயதானோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பிரீமியம். 2025இல் அதன் பி பகுதிக்கான (மருத்துவர், வெளிநோயாளர் செலவுகள்) அடிப்படைப் பிரீமியம் மாதம் 185 டாலராக இருந்தது. ஆனால் தம்பதியின் வருமானம் 212,000 டாலரை ஒரு டாலர் தாண்டினாலும், இர்மா என்னும் கூடுதல் கட்டணம் சேர்ந்து அது ஒருவருக்கு 259 டாலராகிவிட்டது; மருந்துக் காப்பீடான டி பகுதிக்கும் மாதம் 13.70 டாலர் கூடியது. இருவருக்குமாக ஆண்டுக்கு 2,104.80 டாலர். வருமான வரியில் எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டுமே உயர்ந்த விகிதம் பொருந்தும். இங்கே தாண்டியது எவ்வளவு சிறிதானாலும் கட்டணம் முழுமையாக விழும். மேலும் இது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தைப் பார்த்தே கணக்கிடப்படுவதால், 65 வயதில் மெடிகேரில் சேர்பவருக்கு 63ஆம் வயதின் வருமானமே அளவுகோல். பெரிய தொகையை மாற்ற விரும்புவோர் 62 வயதுக்குள் முடிப்பது நல்லது.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். 2022 அக்டோபரில், எல்லைக்குள் இருப்போம் என்று கணித்து ஒரு தொகையை ராத்துக்கு மாற்றினோம். டிசம்பரில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் எதிர்பாராத மூலதன ஆதாயத்தை வழங்கியது. அந்த ஆண்டு வருமானத்துக்குப் பொருந்தும் எல்லை 206,000 டாலர் என்பது 2023இன் பிற்பகுதியில்தான் தெரிய வந்தது. நாங்கள் அதைச் சில நூறு டாலர் தாண்டியிருந்தோம். 2018 முதல் ராத் மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது. பணிநிறுத்தம், துணையின் மறைவு போன்ற காரணங்களுக்காக சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தின் எஸ்எஸ்ஏ-44 படிவத்தில் இர்மா குறைப்புக் கோரலாம்; எங்கள் காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. 2024 முழுவதும் இருவருமாக 1,987.20 டாலர் கூடுதலாகக் கட்டினோம்.

அப்படியிருந்தும் ராத் பக்கமே நிற்கிறேன் என்றால், எங்களில் ஒருவர் தனித்து வாழப்போகும் ஆண்டுகளே காரணம். 180,000 டாலர் வருமானமுள்ள தம்பதிக்கு இர்மா கிடையாது. ஒருவர் மறைந்தால் இரண்டு சோஷியல் செக்யூரிட்டி தொகைகளில் சிறியது நின்றுவிடும். ஆனால் ஐஆர்ஏ முழுவதும் மற்றவருக்கு வந்துசேர, கட்டாயமாக எடுக்கும் தொகை பெரிதாகக் குறையாது. வருமானம் 150,000 ஆகக் குறைந்தாலும், 2025 கணக்கின்படி தனி நபருக்கான எல்லை 106,000 மட்டுமே என்பதால், வருமானத்துக்கேற்பப் படிப்படியாக ஏறும் இர்மாவின் இரண்டாம் படியில் அவர் போய் நிற்பார். அங்கே அந்த ஆண்டின் பி பகுதிப் பிரீமியம் மாதம் 370 டாலர். டி பகுதிக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2,643.60 டாலர் கூடுதல், அதுவும் தனி நபருக்கான உயர்ந்த வரி விகிதத்தோடு. ராத் கணக்கு வைத்திருப்பவர் வாழும்வரை கட்டாயமாக எடுக்க வேண்டியதில்லை; தகுதியான காலத்துக்குப் பின் எடுப்பதும் வருமானக் கணக்கில் சேராது. என் மனைவி தனியாக இந்தக் கணக்கைப் பார்க்க நேர்ந்தால் அவருக்கு அந்தச் சுமை இருக்கக் கூடாது என்பதே என் கவலை.

தொடாமல் விடும் வழியே சிலருக்குப் பொருந்தும். எடுக்கும் தொகையைத் தொண்டு நிறுவனங்களுக்குத் தர விரும்புவோர் 70½ வயதிலிருந்து ஐஆர்ஏவிலிருந்தே நேரடியாகக் கொடுக்கலாம். அது வருமானத்தில் சேராது. 65க்கு முன் அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்குவோருக்கு ராத் மாற்றம் பிரீமிய மானியத்தைக் குறைத்துவிடக்கூடும். எங்களுக்கு முன்னாள் பணியிடத்தின் காப்பீடு இருந்ததால் அந்த நெருக்கடி வரவில்லை. 73ஐயும் நாங்கள் இன்னும் எட்டவில்லை. ஆகவே அதற்கு அப்பால் நான் சொல்பவை அனுபவமல்ல, கணக்கு.

இப்போது ஃபண்டுகளின் ஆண்டிறுதி வழங்கல்கள் தெரிந்த பிறகே, எல்லைக்கு 10,000 டாலர் இடைவெளி விட்டு மாற்றுகிறோம். சென்னையில் உள்ள வீட்டை விற்கும் ஆண்டில் மாற்றம் செய்யப்போவதில்லை: இந்தியாவில் கட்டிய வரிக்கு அமெரிக்க வரியில் கழிவு கிடைத்தாலும், ஆதாயம் மெடிகேர் பார்க்கும் வருமானத்தில் அப்படியே சேர்ந்துவிடும்.