ஊறுகாய் லேபிளுக்கு ஒரு கடை, இலவசமாகக் கொஞ்சம் பிரெஞ்சு

கடலூரில் இல்லாத அச்சகமா, ஊறுகாய் லேபிளுக்குப் போய் பாண்டிக்கு பஸ் ஏறணுமா என்று வீட்டில் கேட்டார்கள். போன தடவை பக்கத்திலேயே ஒரு இடத்தில் அடித்து வாங்கி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஹாஃப் கட் என்றால் மேல்தாள் மட்டும் வெட்டுப்படணும், அடித்தாள் முழுசாக இருக்கணும். அவர்கள் இரண்டையும் சேர்த்து வெட்டிவிட்டதால் ஒவ்வொரு ஸ்டிக்கரையும் நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிரித்தோம். லேமினேஷனும் கிடையாது. நாலே நாளில் நல்லெண்ணெய் ஏறி, ‘நார்த்தங்காய்’ என்பதில் ‘காய்’ மட்டும்தான் மிஞ்சியது.

அதனால்தான் மிஷன் வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிற இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். உள்ளே போனதும் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து “எத்திகெத்தாம்மா?” என்றார். எட்டிகெட் இல்லாமல் செருப்போடு நுழைந்துவிட்டேனோ என்று பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். அவர் கேட்டது லேபிளை! பிரெஞ்சில் பொருள்மேல் ஒட்டுகிற சீட்டுக்குப் பெயரே எத்திகெத்தாம். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே அச்சுக்கோத்தவர், வீட்டில் அந்தச் சொல்தான் புழங்கும் என்றார். அதே சொல்லுக்குப் பிரெஞ்சிலேயே நாகரிகம், மரியாதை என்ற பொருளும் வந்து, அந்தப் பொருளோடு ஆங்கிலத்துக்குப் போய் எட்டிகெட் ஆனது. அதன் பழைய வடிவம் இன்னொரு வழியாகப் போய் டிக்கெட் ஆனது. வேர்ச்சொல்லுக்கு ஒட்டுவது, குத்திவைப்பது என்று பொருள். நம் ஸ்டிக்கருக்கும் தூரத்து உறவு.

சரி, லேபிள் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் ப்ரூஃப் பார்ப்பதையே விட்டுவிட்டார் மனிதர். அதுவும் பழைய பிரெஞ்சுதான். துணி நாடா, தொங்கும் கிழிசல் என்று அர்த்தம். இன்றைய பிரெஞ்சில் கந்தலுக்கு லாம்போ என்பார்களே, அதன் பங்காளி. அந்தக் காலப் பத்திரங்களில் முத்திரையைக் கோத்துத் தொங்கவிட்ட தோல் நாடாவும் லேபிள்தான். பிரபுக் குடும்பங்களில் அப்பா உயிரோடு இருக்கும்வரை மூத்த மகன் குடும்பச் சின்னத்தின் மேல் நாக்கு நாக்காகத் தொங்கும் ஒரு பட்டையைச் சேர்த்துக்கொள்வான், அதற்கும் அதே பெயர். நம்மூர் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன, அப்பா போனதும் பட்டையும் போய்விடும். பெட்டியிலும் பாட்டிலிலும் ஒட்டுகிற சீட்டு என்ற அர்த்தம் 17ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அப்புறம் இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தால் பாட்டுக் கம்பெனிக்கே லேபிள் என்று பெயர் வந்தது. இதில் வேடிக்கை, ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல்லையே பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப வாங்கித் தரமுத்திரைக்கு வைத்துக்கொண்டார்கள். கந்தலாகப் போனது கௌரவமாகத் திரும்பி வந்திருக்கிறது.

பேச்சு பேச்சாக இருந்தாலும் வேலையில் ஆள் கறார். நான் எழுதிக்கொண்டு போனதில் எம்ஆர்பி 120 ரூபாய், எடை 250 கிராம், தயாரித்த மாதம், முகவரி, 14 இலக்க உணவு உரிம எண், பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி எல்லாம் இருந்தது. “ஒரு கிராம் என்ன விலைன்னு போடலியேம்மா” என்று அவரே கணக்குப் போட்டு 48 பைசா என்று சேர்த்தார். புகார் சொல்லக் கூப்பிட வேண்டிய போன் நம்பரையும் கேட்டு வாங்கினார். நான் ஆசைப்பட்ட வளைவு எழுத்தை மட்டும் ஒரேயடியாக மறுத்துவிட்டார், மூக்குக்கண்ணாடி போட்டவர்களும் ஊறுகாய் வாங்குவார்களாம்.

லேமினேஷனோடு 500 லேபிள், ஒன்று 2 ரூபாய் 40 பைசா. மலிவில்லை. ஆனால் எண்ணெய்க் கையால் தேய்த்துப் பார்த்தேன், ஃப்ரிட்ஜில் வைத்தும் எடுத்தேன், ஓரம்கூடத் தூக்கவில்லை. குறை என்றால், மூன்று நாள் என்றவர் ஆறு நாள் ஆக்கினார், பச்சையும் திரையில் பார்த்ததைவிட ஒரு பிடி மங்கல். ஜிபே கிடையாது. மதியம் 1 மணிக்கு ஷட்டர் இறங்கினால் 4 மணிக்குத்தான் ஏறும், கடலூரிலிருந்து போகிறவர்கள் காலை பஸ்ஸையே பிடியுங்கள்.