தூங்குமூஞ்சி மகரந்தம்: ஜெல்லியா, அமிலமா?

பினாங்கில் சாலையோரம் நிற்கும் அவரைக் குடும்ப மரங்களின் மகரந்தத்தைச் சிலைடாக்க இரண்டு வழிகள் உண்டு: ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் கலந்த ஜெல்லியில் பதிப்பது, வலுவான அமிலக் கலவையால் மணியின் உள்ளிருப்பைக் கரைக்கும் அசிட்டோலைசிஸ். தூங்குமூஞ்சிக்கும் அக்கேசியாவுக்கும் என் ஓட்டு ஜெல்லிக்குத்தான்.

செலவு, ஆபத்து இரண்டிலும் ஜெல்லியே மேல் என்பது தெரிந்த சங்கதி. முடிவைத் தீர்மானிப்பது வேறு: மணிகளின் எண்ணிக்கை. இந்த மரங்களில் மகரந்தமணிகள் தனித்தனியே உதிர்வதில்லை. தூங்குமூஞ்சியில் பெரும்பாலும் 32, அக்கேசியா மாங்கியத்தில் 16 என ஒட்டிய கொத்தாக, பாலியாடாக, வெளிவரும். சூல்முடியின் சிறு குழியில் ஒரே கொத்து அமர்ந்தாலும் ஒரு காயின் சூல்கள் அத்தனையும் கருவுறப் போதும். அக்கேசியாவில் சூல்களின் எண்ணிக்கை கொத்தின் மணிகளைத் தாண்டுவது அரிது. பரிணாமக் கதையே அந்த எண்ணில்தான் இருக்கிறது. அசிட்டோலைசிஸில் மையவிலக்கியில் சுற்றி, கலக்கி, கழுவும்போது கொத்துகள் உடையக்கூடும். பிறகு 12 மணிகள் தெரிந்தால் இயல்பா, உடைசலா என்று எப்படிச் சொல்வது?

ஜெல்லிக்கு 35 மி.லி. வடிநீரில் 10 கிராம் ஜெலட்டினை ஊறவைத்து, இளஞ்சூட்டில் கரைத்து, 30 மி.லி. கிளிசரின் சேர்க்கவும். கொதித்தால் ஜெலட்டின் சரியாக உறையாது. ஃபுக்சின் துகள்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஆயர் சிராப் (ரோஜா சர்பத்) நிறம் வந்ததும் நிறுத்தவும். நிறம் அடர்ந்தால் கொத்தின் அடி அடுக்கு மறைந்துவிடும். நம் ஊர் ஈரத்துக்குச் சிறிது ஃபீனாலும் வேண்டும்; இல்லையேல் பூஞ்சை. அப்போதுதான் விரிந்த பூவின் மகரந்தப்பையைச் சிலைடில் வைத்து, ஒரு துளி 70% ஆல்கஹாலால் எண்ணெயைக் கழுவி உலரவிடவும். மேலே 2 மி.மீ. ஜெல்லித் துண்டு, மெல்லிய சூடு, மூடுகண்ணாடி. நுண்ணோக்கியின் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி இரு அடுக்குகளையும் தனித்தனியே எண்ணவும். ஓரத்தை நகப்பூச்சால் அடைத்து, சிலைடைப் படுக்கையாகவே வைக்கவும். வெயிலில் நின்ற காருக்குள் ஜெல்லி இளகி ஓடும்.

மயில்கொன்றைக்கும் இயல்வாகைக்கும் கதை வேறு. 2017 வகைப்பாட்டின்படி தூங்குமூஞ்சியும் இவையும் ஒரே துணைக்குடும்பம்தான், ஆனால் இவற்றின் மணிகள் தனித்தனி. புறவுறையின் வலைப்பின்னலே இவற்றின் அடையாளம். உள்ளிருப்பு கரைந்தால்தான் அது துலங்கும். அங்கே அசிட்டோலைசிஸ்தான் சரி. முதலில் உறைநிலை அசிட்டிக் அமிலத்தால் நீரை முழுக்க நீக்கவும். பிறகு 9 பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடில் 1 பங்கு அடர் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடவும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் மட்டுமே. நீர் மிச்சமிருந்தால் கலவை சீறித் தெறிக்கும்.

அளவு எடுப்பதானால் இரு முறைச் சிலைடுகளையும் ஒரே அட்டவணையில் சேர்க்க வேண்டாம். கிளிசரின் ஜெல்லியில் மணிகள் நாளாக நாளாக உப்பும்.